பசுமை வகுப்பறையும் ரெஜிபோம் மரமும்

யூன் மாதம் 5 ஆந் திகதி உலக சுற்றாடல் தினம். அன்று நமது பாடசாலைகளிலே நடைபெறுவனவற்றை யாவரும் அறிவர். காலைக் கூட்டத்திலே பேச்சும் கவிதையும் உறுதிமொழியும் இடம்பெறும். பிரதம விருந்தினரும் அதிபரும் ஆளுக்கொரு மரக்கன்றை நடுவர், ஒளிப்படம் எடுக்கப்படும். வகுப்பறையின் பின்சுவரிலே "மரம் வளர்ப்போம்" என்ற வாசகம் ரெஜிபோமில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அதனருகே, ரெஜிபோமிலேயே செதுக்கிப் பச்சை வர்ணந் தீட்டிய மரமொன்றும் நிற்கும். வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை ஐப்பசியிலேதான் தொடங்கும் என்பதனை வெளியிலே நட்ட கன்று அறியும். நட்டவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை. சோளகக் காற்றிலும் வெயிலிலும் அது ஆடி முடியுமுன்னரே கருகிவிடுகின்றது. சுவரிலுள்ள மரம் மட்டும் அடுத்த ஆண்டும் தூசி தட்டப்பட்டு நிமிர்ந்து நிற்கின்றது.

இந்த ரெஜிபோம் மரமே நமது சுற்றாடற் கல்வியின் இன்றைய நிலைக்குத் தக்க சின்னம் எனின் மிகையாகாது. "பசுமை வகுப்பறை", "சுற்றாடல் நேயப் பாடசாலை" முதலான தொடர்கள் சுற்றுநிருபங்களிலும் கருத்தரங்குகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. ஆனால், வகுப்பறை நாள்தோறும் எதனை உட்கொள்கின்றது, எதனை வெளித்தள்ளுகின்றது, வெளித்தள்ளியது எங்கே போய்ச் சேர்கின்றது என்னும் மூன்று வினாக்களையும் ஆசிரியரோ அதிகாரியோ எழுப்பக் காண்பது அரிது. இவ்வினாக்களுக்கு விடை தேடாத பசுமை வெறும் அலங்காரமே என்பதும், அவ்வலங்காரத்தைக் கலைக்கும் ஆற்றல் வேறெவரிடத்திலும் பார்க்க ஆசிரியரிடத்திலேதான் கூடுதலாக உண்டு என்பதும் இக்கட்டுரையாளனின் நிலைப்பாடு.

கொள்கை இல்லாமையால் இக்குறை நேர்ந்தது எனக் கூறுதற்கில்லை. 1972 இல் ஸ்ரொக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மாநாடு கூடியது. 1977 இல் திபிலிசியிற் கூடிய மாநாடு, சுற்றாடற் கல்வி ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடவாது எல்லாப் பாடங்களினூடும் செல்லல் வேண்டும் என்றும், கற்போர் தம்மைச் சூழவுள்ள உண்மையான பிரச்சினைகளோடு அது பிணைந்திருத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தியது. இலங்கையிலே தேசிய சுற்றாடற் சட்டம் 1980 இல் நிறைவேறியது; மறு ஆண்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றிற்று. ஆரம்ப வகுப்புகளிலே "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" ஒரு பாடமாகவே அமைந்துள்ளது. சுற்றாடல் முன்னோடிகளுக்குச் சின்னங்களும் பதக்கங்களும், அவற்றின் உச்சியிலே சனாதிபதி பதக்கமும் உள்ளன. இத்தனையும் உள்ள நாட்டிலேதான் பாடசாலையின் பின்வளவில் ஒவ்வொரு காலையும் பொலித்தீன் எரிகின்றது.

இந்த எரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். மணி அடிக்குமுன்னர் மாணவர் தும்புத்தடியோடு வளவைக் கூட்டுகின்றனர். வேப்பஞ்சருகும் மாவிலையும், முதல்நாள் உணவுப்பொதி சுற்றிவந்த தாளும், இனிப்பு உறைகளும், யோகட் கோப்பைகளும், எழுதித் தீர்ந்த பேனைகளும் ஒரே குவியலாகின்றன. ஒருவர் தீ மூட்டுகின்றார். ஈரச் சருகோடு புகையும் அக்குவியலின் புகை, அரைச்சுவர் வைத்த வகுப்பறைக்குள் எவ்விதத் தடையுமின்றி நுழைகின்றது. ரெஜிபோம் எரியும்போது ஸ்ரைரீன், பென்சீன் முதலிய ஆவிகளும் கரும்புகையும் எழுகின்றன. பீ.வீ.சீ. எரியுமிடத்து ஐதரசன் குளோரைட்டும் தயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் தோன்றுகின்றன. உயர்தர வகுப்பிலே இரசாயன ஆசிரியர் இப்பெயர்களைப் பாடமாக உரைக்கும் அதே வேளையில், அவற்றை மாணவர் மூக்கினாலும் கற்றுக்கொள்கின்றனர். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இழுப்பு நோயுள்ள பிள்ளை வகுப்புக்கு ஒருவரேனும் உண்டு; அப்பிள்ளை எந்த மூலையில் அமர்ந்தாலும் புகை அதனைத் தேடி வரும்.

2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்புக்கு அண்மையில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அரசு விழித்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் முதல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும், உணவு சுற்றும் பொலித்தீன் தாளும், ரெஜிபோம் உணவுப்பெட்டியும் தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக் முதலான கழிவுகளைத் திறந்த வெளியில் எரித்தலும் தடைசெய்யப்பட்டது. ஆகவே பின்வளவிலே எரியும் குவியல் சட்டப்படி குற்றமாகும். குற்றத்தைச் செய்வோர் பிள்ளைகள். செய்விப்போர் குடியியற் கல்வி போதிக்கும் நாம்.

"எரிக்காமல் என்ன செய்வது? குப்பை ஏற்ற வண்டி வருவதில்லையே" என்பர். இவ்வினா நியாயமானது. நகருக்கு வெளியேயுள்ள பாடசாலைகள் பலவற்றின் வாயிலை உள்ளூராட்சிச் சபையின் வண்டி எட்டிப் பார்ப்பதில்லை. எனினும், குவியலின் பெரும்பகுதி சருகு என்பதனை முதலிற் காணவேண்டும். சருகை ஒரு குழியிலிட்டால் அடுத்த மாரிக்குள் அது பசளையாகும். எஞ்சுவதைச் சாக்கிலிட்டுச் சேர்த்து, தவணைக்கொரு தடவை நிறுத்து, இன்ன நிறை இன்ன பொருள் என எழுதி, பிரதேச சபைக்கு மாணவர் கையொப்பத்துடன் கடிதம் அனுப்பட்டும். ஒரு தடவைக்கு வண்டி வராதிருக்கலாம். மூன்று தவணை தொடர்ந்து அனுப்பினால் தவிசாளர் எவராயினும் அசையவே செய்வார். வகுப்பறையின் வாசலிலேயே உணவுப்பொதித் தாளை மறுத்து வாழையிலைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடங்கொடுத்தல் இதனிலும் எளிது. ஆனால் அவ்விடத்து ஆசிரியர் தமது மதிய உணவை எதிலே சுற்றிக் கொண்டுவருகின்றார் என்பதனையும் மாணவர் பார்ப்பர்.

இனிக் கடதாசி. 80 கிராம் வகையைச் சேர்ந்த ஏ4 தாள் ஒன்று 5 கிராம் நிறையுடையது. 40 மாணவர் கொண்ட வகுப்பிலே தலைக்கு வாரம் ஐந்து நிழற்பிரதித் தாள் வழங்கப்படுகின்றதெனக் கொள்வோம். 40 வாரத்தில் 8,000 தாள். அதாவது 16 றீம், 40 கிலோகிராம். இருபது வகுப்புள்ள பாடசாலைக்கு 800 கிலோகிராம். இது பாடசாலைக் கணக்கு மாத்திரமே. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் மாதிரி வினாத்தாள்களையும், சாதாரண தர, உயர்தர மாணவர்க்குக் குறிப்புகளையும் தனியார் கல்வி நிலையங்கள் அள்ளி வழங்குவது தனிக்கணக்கு. பத்து வயதுப் பிள்ளையின் புத்தகப்பை, முதுகெலும்பை வளைக்குமளவு கனப்பது இவ்வகையிலேதான்.

வாழைச்சேனையிலே 1950களில் நிறுவப்பட்ட கடதாசி ஆலை வைக்கோலைக் கொண்டு தாள் செய்தது. அவ்வாலை நலிந்து படுத்த பின்னர் இறக்குமதித் தாளையே நம்பியிருந்தோம். 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி வற்றியபோது தாள் தட்டுப்பாடு காரணமாக மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளைப் பின்போட நேர்ந்தது. உலகமே அதனைச் செய்தியாக வெளியிட்டது. தாள் எப்பொழுது வரும் என எல்லோரும் கேட்டனர். பதினொரு வயதுப் பிள்ளையின் அறிவை அளப்பதற்கு இத்தனை தாள் எதற்கு என எவருங் கேட்கவில்லை! கப்பல் வந்தது, பழைய பழக்கமும் அதே கப்பலில் வந்திறங்கியது.

ஆசிரியர் இங்கே கையறு நிலையில் இல்லை. வினாக்களைக் கரும்பலகையில் எழுதலாம், இருவருக்கு ஒரு தாள் கொடுக்கலாம், இருபுறமும் அச்சிடலாம், ஆண்டு முடிவில் கொப்பிகளில் எஞ்சும் வெற்றுத்தாள்களைக் கழற்றித் தைத்துப் பயிற்சிக் கொப்பியாக்கலாம். நமது தாய்மார் இதனைச் செய்தவர்களே. வறுமையின் அடையாளம் என நாணி நாம் கைவிட்டோம். பாடசாலைமட்டக் கணிப்பீட்டின் பெயரால் கேட்கப்படும் ஒப்படைகளின் கதை இன்னும் விசித்திரமானது. உள்ளே இணையத்திலிருந்து இறக்கிய நான்கு பக்கம். வெளியே மினுங்கும் அட்டை, ஒளிபுகும் பிளாஸ்ரிக் உறை, ஒட்டிய பூக்கள். அட்டைக்குப் புள்ளி வழங்குபவர் ஆசிரியர். "அலங்காரத்திற்குப் புள்ளி இல்லை, உறை இட்டு வந்தால் ஏற்கப்படமாட்டாது" என அவர் நாளைக் காலை கூறினால், நாளை மாலையே கடைக்குச் செல்லும் செலவு நின்றுவிடும். இதற்கு அமைச்சின் அனுமதி தேவையில்லை. தகப்பன் கூலி வேலைக்குச் செல்லும் வீட்டிலே அந்த உறையின் விலை என்னவென்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

அலங்காரம் என்றதும் இல்ல மெய்வல்லுநர் போட்டியைக் கூறாது விடமுடியாது. பழைய நாளிலே இல்லக் கூடாரங்கள் தென்னோலையாலும் குருத்தாலும் கமுகம்பாளையாலும் எழுந்தன. இன்று ரெஜிபோம் கோட்டையும் பொலித்தீன் தோரணமும் எழுகின்றன. நிகழ்வுகளிலே பொலித்தீனை அலங்காரமாகப் பயன்படுத்துவதும் 2017 இன் தடைக்குள் அடங்கும் என்பதை நடுவர்கள் அறிந்து புள்ளியிட்டால் அரைவாசி இல்லங்கள் தகுதியிழக்கும். பெறுபேறு வெளியானதும் மதிலை மறைத்துத் தொங்கும் பதாகைகளும் பீ.வீ.சீ. பூசிய துணியே. சித்தியடைந்த பிள்ளையின் முகம் மூன்று மாதத்தின் பின் யாருடைய விறகுக் குவியலை மழைக்கு மூடிக் கிடக்கின்றதோ!

கரும்பலகையை அகற்றி வெண்பலகை மாட்டுதல் முன்னேற்றம் என்ற எண்ணமும் பரவியுள்ளது. வெண்கட்டித் தூசி தொண்டைக்குத் தீங்கானதே. ஈரத் துணியால் துடைத்தால் அது பெரிதும் தணியும். வெண்பலகைப் பேனையோ சில நாளில் வற்றி, பிளாஸ்ரிக் குழாயாகவே குப்பைக்குப் போகும். இது சிறு விடயம், மேற்செல்வோம்.

குறைத்தல் மட்டும் போதாது. வகுப்பறை தான் நிற்கும் நிலத்தை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மாரிமழையே குடிநீர். நன்னீர் பாரங்குறைந்தமையால் உவர்நீரின் மேல் வில்லைபோல் மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் மேலெழும். வயலில் இட்ட உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் அந்நீரில் நைத்திரேற்றாய்ச் சேர்கின்றன. இவற்றைப் புவியியற் பாடத்தில் எழுதிச் சித்தியடைந்தோர் ஆயிரக்கணக்கினர். தமது பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டம் என்னவென்று அவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை ஒவ்வொரு திங்களும் கிணற்றில் இறக்கி, நீர்மட்டத்தை வகுப்பறைச் சுவரிலே புள்ளியிட்டு வரட்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை கோடு ஏறுவதையும் ஆவணியில் விழுந்து கிடப்பதையும் தரம் 6 பிள்ளை தன் கண்ணாற் காணும். அதுவே கணித ஆசிரியருக்கு வரைபு. விஞ்ஞான ஆசிரியருக்கு நீர்வட்டம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை அடியால் அளந்து ஊரின் பத்து வளவுகளுக்குப் பட்டியல் தயாரித்தால், அது சுகாதாரப் பரிசோதகரின் மேசைக்குச் செல்லத்தக்க ஆவணமாகும். அந்தக் கோட்டை மூன்றாண்டு கண்ட பிள்ளை, கைகழுவும் குழாயின் நீரை வாழையடிக்குத் திருப்புமாறு தானே கேட்கும். மலையகத்திலே கிணற்றுக்குப் பதில் சரிவு உண்டு. பெருமழையின் பின் பாடசாலைக்குக் கீழே ஓடும் நீரை ஒரு போத்தலில் அள்ளி ஓரிரவு வைத்தால், அடியிற் படியும் சேற்றின் உயரமே மண்ணரிப்புப் பாடம். மகாவலி நீர்த்தேக்கங்களில் வண்டல் சேர்வதன் காரணம் அந்தப் போத்தலுக்குள் இருக்கின்றது.

இவ்விடத்து நமது தமிழ்ப் பற்றாளர் சிலர் குறுக்கிடுவர். ஐந்திணை கண்ட இனத்திற்குச் சுற்றாடலை எவர் கற்பிக்கவேண்டும் என்பது அவர்தம் வாதம். இப்பழம்பெருமைப் பேச்சு இச்சங்கத்தின் மேடைகளிலும் கேட்டுப் புளித்ததே. முதற்பொருள் நிலமும் காலமும் என்பது செய்யுளியல் நோக்கிற் கூறப்பட்ட பாகுபாடு. குறிஞ்சி பாடிய இனம் என்பதனால் எந்தக் குன்றும் காப்பாற்றப்படவில்லை. ஐந்திணைக்கும் பூவும் புள்ளும் மரமும் ஒப்புவித்துத் தமிழ்ப் பாடத்தில் அதிவிசேட சித்தி பெறும் மாணவன், தனது வகுப்பறை யன்னலை உரசி நிற்கும் மரத்தின் பெயர் அறியான். இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு முதன்மையாகத் தமிழாசிரியருடையது. கருப்பொருளைக் கற்பிக்கும் நாளன்று வகுப்பை வெளியே அழைத்துச் சென்று, அவ்வளவின் கருப்பொருட்களைப் பட்டியலிடச் செய்வதற்கு என்ன தடை?

திண்ணைப் பள்ளிக்கூடத்தை இலட்சிய வகுப்பறையாகக் காட்டுவோரும் உளர். மணலும் ஏடும் எழுத்தாணியுமாக, கழிவென்று எதுவும் இன்றி அது இயங்கியது உண்மையே. அத்திண்ணையிலே எவரெவர் ஏற அனுமதிக்கப்படவில்லை என்பதனையும் சேர்த்தே கூறவேண்டும். சாதியால் விலக்கப்பட்டோர் வகுப்பறைக்குள் வந்ததும், அவர்தம் கையிற் புத்தகம் கிடைத்ததும் அச்சும் தாளும் பெருகிய பின்னரே. 1980 முதல் அரசு வழங்கும் இலவசப் பாடநூலைத் தாள் விரயம் என்று எவரேனும் கூறினால், அவரது பசுமை எந்த வர்க்கத்தின் பசுமை எனக் கேட்க வேண்டியதாகும். ஆண்டு முடிவில் நல்ல நிலையிலுள்ள நூலைத் திரும்பப் பெற்று அடுத்த வகுப்பிற்கு வழங்கலாம், அது வேறு.

பாடத்திட்டம் முடிக்க நேரமில்லை என்னும் மறுப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. இந்நாட்டிலே இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், பிள்ளை தன் ஊரின் தொழிலையும் நிலத்தையும் ஆராயும் தொழில்முன் பாடங்களை இடைநிலை வகுப்புகளுக்குக் கொணர்ந்தது. மீன்பிடியும் மட்பாண்டமும் பனந்தொழிலும் பாடமாயின. 1977 இன் ஆட்சிமாற்றத்துடன் அது கைவிடப்பட்டது. ஆட்சியாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. "எங்கள் பிள்ளையை மீண்டும் கமத்துக்கும் கடலுக்கும் அனுப்பவா இந்தப் படிப்பு?" என்ற பெற்றோரின் ஐயம் அதற்கு வலுவான எதிர்ப்பாயிருந்தது. தலைமுறை தலைமுறையாய்ச் சேற்றில் நின்றவரின் ஐயம் அது. அதனை அறியாமை என ஒதுக்குதல் தவறு. நகரத்துப் பிள்ளைக்கு மருத்துவமும் பொறியியலும், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியும் என்று அமைந்தால் அக்கல்வி எதிர்க்கப்படவேண்டியதே. ஆகவேதான் கிணற்றுக் கயிறு, கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் தமிழுக்கும் உரிய புள்ளியைப் பெற்றுத் தருவதாக அமையவேண்டும் என்கிறேன். பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட சிரமதானமாக அது நின்றால் பெற்றோர் மீண்டும் கேட்பர். அக்கேள்விக்கு நம்மிடம் மறுமொழி இராது.

சுமை சமமானதன்று என்பதும் மறக்கற்பாலதன்று. குளிரூட்டிய வகுப்பறையிலே திரை மூடி மின்விளக்கெரித்துப் புவி வெப்பமாதல் பற்றிப் படம் காட்டும் நகரப் பாடசாலையும், ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு நடக்கும் தோட்டப் பாடசாலையும் ஒரே சுற்றுநிருபத்தையே பெறுகின்றன. லயத்துப் பிள்ளை ஒரு பென்சிலைக் கையிற் பிடிக்க முடியாத அளவு தேயும் வரை எழுதும். சிக்கனத்தைப் பற்றி அப்பிள்ளைக்கு விரிவுரை நிகழ்த்துதல் அவமதிப்பாகும். அங்கே பசுமை என்பது முதலிற் குடிக்கத்தக்க நீரும் கதவுள்ள மலசலகூடமுமாம். போட்டி வைத்துப் பசுமைப் பாடசாலை விருது வழங்கும் அதிகாரிகள், பூச்சாடிகளை எண்ணுமுன் இவ்விரண்டையும் எண்ணுவார்களாக.

இறுதியாக, நம் வீட்டுக்கு வருவோம். இம்மலரைப் புரட்டும் மாணவரிற் பலர் சில ஆண்டுகளிற் பட்டதாரி ஆசிரியராகப் பாடசாலைகளுக்குச் செல்லவிருப்பவர். அவர்கள் இங்கே காண்பது என்ன? ஆய்வுக்கட்டுரையைத் தாளின் ஒரு புறத்தில் மட்டும், இரட்டை இடைவெளி விட்டு, மூன்று பிரதி எடுத்துக் கட்டி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி பல துறைகளில் இன்றும் உண்டு. 120 பக்கக் கட்டுரை 360 தாளாகின்றது. இருபுறமும் நெருக்கி அச்சிட்டாற் பாதியும் வேண்டாம். பரிசோதகர் ஓரத்திற் குறிப்பெழுத இடம் வேண்டும் எனின் ஒரு பிரதி போதும். ஒப்படைகளுக்குச் சுருட்கம்பியும் பிளாஸ்ரிக் அட்டையும் கேட்பவர்கள், பாடசாலை ஆசிரியர் அட்டைக்குப் புள்ளியிடுகின்றார் என்று குறைபட உரிமையற்றவர். பளபளக்கும் தாளில் விளம்பரங்களைத் தாங்கி வரும் இம்மலரின் ஆசிரியர் குழுவுக்கும் இது பொருந்தும். இவ்வரியை அவர்கள் நீக்காமல் அச்சிடுவார்கள் என நம்புகிறேன்.

கலைப்பீடச் சபை அடுத்து எப்பொழுது கூடும் என்பதைப் பேராசிரியர்கள் அறிவர். ஒருபுற அச்சு விதியை நீக்கும் பிரேரணையை முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவருமாக இருவர் வேண்டும். மாணவர் தரப்பின் கோரிக்கைக் கடிதத்தை எழுதிக்கொடுக்க நான் ஆயத்தம். இருபுறமும் எழுதித் தருவேன்.